பன்னிரண்டு வயதில் வாசித்த இளவரசிகளைத் திரும்ப வாசித்தவர்கள் இருக்கிறீர்களா?

கிணத்தடி எழுதியது:

போன மாதம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்ததால் மேலே கிடந்த றங்குப்பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். ஒன்றுக்குள் பழைய சேலையில் சுற்றி, அம்மம்மா கட்டுவித்த பொன்னியின் செல்வன், கல்கி எழுதிய சோழர்காலத்து நாவல். கல்கி இதழில் 1950 தொடக்கம் 1954 வரை தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கழற்றிச் சேர்த்துப் பைண்ட் செய்வித்தவர். மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. சில பக்கங்களின் பின்னால் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரமும் இருக்கிறது. மூன்றாம் பாகம் மட்டும் இல்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஐந்து பாகத்தையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம், திரும்பி வந்தது நான்கு.

நான் இதை முதலில் வாசித்தது 1994இல், எனக்குப் பன்னிரண்டு வயது. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்குத்தான் மண்ணெண்ணெய் விடுவார்கள். அந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டியது கணக்கு. கணக்குக் கொப்பிக்குக் கீழே சோழ இளவரசி குந்தவை இருப்பா. மணியம் வரைந்த அந்தக் கொண்டையைப் போடுவதற்கு அம்மாவின் தேங்காயெண்ணெயில் பாதிப் போத்தலை முடித்து அடி வாங்கியிருக்கிறேன். எண்ணெய் விற்ற விலைக்கு அந்த அடி காணாது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. சினிமாப் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டாள். முதல் பாகத்தைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வந்து கேட்கிறாள்: "அம்மா, இந்த வானதிக்கு என்ன வருத்தம்? எப்ப பார்த்தாலும் மயங்கி விழுகிறா. ஓவர் அக்டிங்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் குந்தவையின் தோழியான இந்த வானதியைப் பார்த்து நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் வெயிலுக்குள் நின்று யாராவது மயங்கினால் "வானதி விழுந்திட்டா" என்போம். ஆனால் மகளுக்குப் பதில் சொல்லப் புத்தகத்தை விரித்தவள் இன்னும் மூடவில்லை. நீங்கள் யாராவது இந்த வயதில் திரும்ப வாசித்தீர்களா? யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்காமல் போனது?

பனங்கொட்டை எழுதியது:

அக்கா, உண்மையைச் சொன்னால் நாங்கள் பெடியள் இளவரசிகள் வரும் அத்தியாயங்களைத் தாண்டித்தான் வாசித்தோம். குதிரை எங்கே, கத்தி எங்கே, சுரங்கம் எங்கே என்று தேடிப் போவது. வாசிகசாலையில் ஒரு பிரதிதான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாசலில் நிற்பார். நிற்கிறவனுக்குக் குந்தவை பேசிப் பேசி நேரத்தைப் போக்குகிறாவே என்ற கோபம் வருமா வராதா?

முப்பத்தைந்து வயதில் திரும்ப வாசித்தேன். கதையில் நடக்கிற எதையும் கதாநாயகன் வந்தியத்தேவன் தானாகச் செய்யவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் ஓலை கொடுத்தால் ஓடுகிறான், குந்தவை ஓலை கொடுத்தால் ஈழத்துக்குப் படகேறுகிறான். தபால்காரன். முடிவெடுக்கிற மூளை குந்தவையின் பழையாறை அரண்மனையில் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு என் மனுசி, "இதைக் கண்டுபிடிக்க இருபது வருசமா?" என்றா.

மாதகல் மச்சாள் எழுதியது:

எனக்குக் குந்தவையும் வேண்டாம், வானதியும் வேண்டாம். பூங்குழலிதான். இளவரசிகளைப் பற்றிக் கேட்டீர்கள், அவளோ படகுக்காரி. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுடைய ஊர்களின் பேர் ஒரு பெரிய நாவலில் வருவதை நான் முதலில் பார்த்தது அவள் வாயால்தான். தொண்டைமானாறு வரும். மாதோட்டம் வரும். நாகத்தீவுப் பக்கத்துக் கடல் வரும். பூதத்தீவு என்று ஒரு தீவு, புத்தர் வந்ததால் போதத்தீவு என்றிருந்தது சனங்களின் வாயில் பூதத்தீவாகிவிட்டது என்று ஒரு விளக்கமும் கல்கி சொல்லுவார். எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். அவருக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் காத்துக்கு அந்தப் பெட்டை தனியத் துடுப்புப் போட்டவளாமோ?" நம்பவில்லை. ஆனால் அடுத்த நாள் இரவு, "எங்கே, மிச்சத்தை வாசி" என்றார்.

எனக்கு இருக்கிற மனவருத்தம் வேறு. கதை தெரியாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ. கடைசியில் பூங்குழலியையும் கொண்டுபோய் ராணியாக்கிவிடுகிறார் மனிதர்! பூக்கட்டுகிற சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன், அவன்தான் பட்டமேறுகிற உத்தம சோழன், ஆகவே அவளும் பட்டத்து ராணி. பன்னிரண்டு வயதில் கைதட்டினேன். இப்போது வாசிக்கும்போது, அந்தப் பெட்டையிடம் இருந்த படகையும் பறித்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

வாசிகசாலை எழுதியது:

பிள்ளைகள் எல்லாரும் சோழநாட்டையே சுற்றுகிறீர்கள். எங்களிடமும் அரசகுமாரிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு கல்கி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாருதப்புரவீகவல்லியை எடுங்கோ. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் வருகிறவ. சோழ அரசனின் மகள். முகம் குதிரை முகமாகிவிட்டது, உடம்பிலும் தீராத நோய். கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடி நோய் தீர்ந்து, முகமும் மாறியது. மா என்றால் குதிரை. குதிரை முகம் விட்ட புரம் மாவிட்டபுரம். அங்கே கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தவவும் அவதான். காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் துறைக்குக் காங்கேசன்துறை என்று பேர்.

1990க்கு முன்னர் ஆடி அமாவாசைக்கு கீரிமலை போன எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். அதன்பின் அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயமாகி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கேணியையும் காணவில்லை, கதையையும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னே போனால் பீலிவளை. மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற நாகநாட்டு இளவரசி, வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் மகள். புகார்க் கடற்கரைச் சோலையில் சோழனைச் சந்திக்கிறாள். ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறாள். பிறகு பிள்ளையோடு மணிபல்லவத்துக்கு வந்து, கம்பளச்செட்டி என்ற வணிகனின் கப்பலில் பிள்ளையைத் தகப்பனிடம் அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. மகனைத் தேடுகிற துக்கத்தில் அரசன் இந்திரவிழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. மணிபல்லவம் எங்கள் நயினாதீவு என்று சொல்லுவோர் பலர். ஒரு பெருநகரம் அழிந்த கதைக்கே காரணமானவளுக்குக் காப்பியத்தில் கிடைத்தது சில வரிகள்.

பனங்கொட்டை எழுதியது:

ஐயா, மாருதப்புரவீகவல்லியின் கலியாணக் கதையையும் சொல்லுங்கோவன். உக்கிரசிங்கன் இரவோடிரவாக அவளைக் கவர்ந்துகொண்டு போனதாகத்தானே இருக்கிறது? அவனுக்குச் சிங்க முகம் வேறு. நோய் தீர்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் இது.

வாசிகசாலை எழுதியது:

ஓம் தம்பி. அப்படித்தான் இருக்கிறது. சிறுவயதில் அதை எங்களுக்கு "கலியாணம் செய்து வைத்தார்கள்" என்று சொல்லித்தந்தார்கள்.

மாதகல் மச்சாள் எழுதியது:

கீரிமலை என்றதும் ஒன்று ஞாபகம். ஆம்பிளைகளின் கேணி திறந்த வெளியில், கடல் தெரிய இருக்கும். எங்களுடையது மதிலுக்குள். அந்த மதிலுக்குள் நின்றுகொண்டு ஆச்சி இந்தக் கதையைச் சொன்னா. "குதிரை மூஞ்சியோட எப்படி ஆச்சி சாப்பிட்டவ?" என்று கேட்டேன். "தலையைத் துவட்டு" என்றதுதான் பதில்.

கிணத்தடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவிரவாக வாசித்தேன். மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் முதல் பாகத்திலேயே இருந்தது, முப்பது வருடமாக என் கண்ணில் படவில்லை.

அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். குந்தவையின் தம்பி, பின்னாளில் ராஜராஜனாகிற அருள்மொழிவர்மர் போருக்குப் புறப்படுகிறார். அரண்மனைப் பெண்கள் வரிசையாகத் தங்கத் தட்டில் தீபம் ஏந்தி நிற்கிறார்கள். அவர் கிட்ட வரும்போது வானதியின் கையிலிருந்த தட்டு நழுவி விழுகிறது. அவளும் மூர்ச்சையாகிறாள். அபசகுனம் என்று சுற்றி நிற்பவர்களின் முகம் மாறுகிறது. காதல் வெட்கத்தில்தான் இது நடந்தது என்பது போலத்தான் கதை போகும், நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

இப்போது கொஞ்சம் நின்று பாருங்கோ. இளவரசர் புறப்படுவது எங்கே? ஈழத்துப் போருக்கு. வானதி யார்? கொடும்பாளூர்ச் சிறிய வேளாரின் மகள். அந்த மனிதர் செத்தது எங்கே? ஈழத்துப் போரில். "ஈழத்துப் பட்ட" என்றே பட்டப்பெயர் மாதிரி அவர் பேருக்கு முன்னால் நிற்கும், கல்வெட்டிலும் அப்படித்தான். தாயும் இல்லை. தகப்பன் போய்த் திரும்பி வராத அதே போருக்குப் போகிற ஒருவனுக்கு ஆரத்தி எடுக்க அந்தப் பிள்ளையைத் தட்டோடு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். கை நடுங்காதா?

இரண்டு தகவலும் ஒரே புத்தகத்தில், அதிக தூரமில்லாமல் இருக்கின்றன. கல்கி இரண்டையும் சேர்த்துக் கட்டவில்லை. நாங்களும் சேர்க்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என்னோடு வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வருடம் தகப்பன் இல்லை என்று நானே விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். "வானதி விழுந்திட்டா" என்று நாங்கள் சிரித்த ஒருத்திக்கும் இல்லை.

பனிக்கூதல் எழுதியது:

நான் கனகாலமாக இங்கே வாசிக்கிறவள், எழுதுகிறது குறைவு. ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருடம். கிணத்தடியின் பதிவை வேலைக்குப் போகிற ரெயினில் வாசித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

எங்கள் வகுப்பில் மேலே பிளேன் சத்தம் கேட்டால் எல்லோரும் மேசைக்குக் கீழே போவோம். ஒருத்தி மட்டும் போகமாட்டாள், நின்ற இடத்திலேயே விழுவாள். ரீச்சர் அவளுக்கென்றே மேசையில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருந்தா. அவளும் இந்தக் கதையை வாசித்தவள்தான். யாரைப் பிடிக்கும் என்று கேட்டதற்கு நந்தினி என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். அப்போது எங்களுக்கு நந்தினி வில்லி.

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தக் கதையை இப்படி வாசிக்கிறீர்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. இத்தனை தடவை படித்தும் எங்களுக்கு "ஈழத்துப் போர்" என்பது கப்பலேறிப் போய் ஜெயித்து வருகிற ஒரு இடம், அவ்வளவுதான்.

குந்தவையைப் பற்றி ஒன்று சேர்க்கலாமா? நாவல் முடிகிற இடத்தில் அவள் இன்னும் இளம்பெண். கல்வெட்டில் இருப்பவள் வேறு ஆள், நரை கண்டவள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜனின் ஆணை இருக்கிறது, 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறான். வரிசையைப் பாருங்கள். தனக்கு அடுத்து அக்கா. மனைவிமார் அதற்குப் பிறகுதான். அந்த அக்கன்தான் குந்தவை. தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் சமணருக்கும் ஆளுக்கொரு கோயில் கட்டியவள். தஞ்சையில் அப்பா பெயரில் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை நடத்தியவள். சின்ன வயதில் அவளுக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பதிலேயே ஐந்து பாகமும் தீர்ந்துவிட்டது. கல்வெட்டு அந்தக் கல்யாணத்தை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது, "வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார்" என்று. மீதியெல்லாம் அவள் கொடுத்த பொன்னும் நகையும் விளக்கும்தான், எடையோடு.

அப்புறம், நாவலில் சுந்தர சோழரின் கட்டிலை விட்டு நகராமல் ஒரு ராணி இருப்பாரே, மலையமான் மகள், குந்தவையின் அம்மா வானவன் மாதேவி. சின்ன வயதில் அந்தப் பாத்திரத்தை யார் கவனித்தோம்? சுந்தர சோழர் இறந்தபோது அவர் தீயில் இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டு என்று. கல்கி அதற்கு முன்பே கதையை நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்து, தம்பி கட்டிய பெரிய கோயிலில் குந்தவை இரண்டு படிமங்களை எழுந்தருளுவிக்கிறாள். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று அம்மாவுக்கு. இதைத் தெரிந்துகொண்டு போய் அந்தச் சுவர்முன் நின்றபோது, எனக்குக் கொண்டை போட்ட இளவரசி கண்ணில் வரவில்லை. தன் அம்மாவுக்குப் பூசை நடக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து எழுதிவைக்கிற ஒரு மூத்த பெண்தான் வந்தாள்.

பனங்கொட்டை எழுதியது:

காவிரிக்கரை, நல்ல பதிவு. கோபிக்க வேண்டாம், ஒன்று கேட்கிறேன். அதே சுவரில்தானே ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் வெட்டியிருக்கிறது? நாவலில் அருள்மொழிவர்மர் ஈழத்துச் சிங்காதனம் வேண்டாம் என்பார், பிக்குகளின் விகாரைகளைத் திருத்திக் கொடுப்பார். சரித்திரத்தில் அனுராதபுரம் பாழானது, பொலன்னறுவை சனநாதமங்கலமானது, 1017இல் ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, பிறகு சோழநாட்டிலேயே செத்தான். அக்கன் கொடுத்த விளக்கில் எரிந்த நெய்யோ எண்ணெயோ, அதன் ஒரு துளி எங்கே இருந்து போனது என்று ஒரு கேள்வி வருகிறது அல்லவா? பன்னிரண்டு வயதில் எங்களுக்குச் சோழர் என்றால் நாங்கள்தான். இப்போது வாசிக்கும்போது, நாங்கள் இருந்தது எந்தக் கரையில் என்று ஒருக்கால் குழம்புகிறது.

காவிரிக்கரை எழுதியது:

கோபம் என்ன இருக்கிறது. உண்மைதான். அந்த வரிகளை நான் வாசித்ததே இல்லை. அடுத்த தடவை போகும்போது தேடுகிறேன்.

வாசிகசாலை எழுதியது:

தம்பி சொன்ன பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இன்றைக்கும் கல்லோடு கல்லாக நிற்கிறது. இராசராசனின் தாய்க்கும் அந்தப் பேர், இராசேந்திரனைப் பெற்ற அரசிக்கும் அந்தப் பேர். நாவலில் வானதியாக வருகிறவ அந்த இரண்டாமவதான். தகப்பன் செத்த தேசத்தில் மகளின் பேரைச் சொல்லி ஒரு கோயில். 78இல் சுற்றுலா போனபோது அதன் படியில் இருந்து பாண் சாப்பிட்டிருக்கிறேன். யாருடைய பேர் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பனிக்கூதல் எழுதியது:

ஐயா, இதை வாசித்துவிட்டு இப்போதும் ஸ்ரேசனைத் தவறவிட்டேன். இனி வீட்டில் இருந்துதான் இந்த இழையைத் திறப்பேன்.

மாதகல் மச்சாள் எழுதியது:

எல்லோரும் வானதிக்காக அழுதுகொண்டிருக்கிறீர்கள். அவளைப் பிடிக்காத ஒருத்தி வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்: பூங்குழலி சீண்டியதற்காக "நான் அரியாசனத்தில் உட்காரமாட்டேன்" என்று சபதம் போட்டாளே, அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. அதுவும் பூங்குழலியின் புண்ணியத்தில். கிணத்தடி, மகளிடம் சொன்னீர்களா? என்ன சொன்னாள்?

கிணத்தடி எழுதியது:

சொன்னேன். தட்டு விழுகிற பக்கத்தையும் சிறிய வேளார் வருகிற பக்கத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். என் குரல் கொஞ்சம் தளதளத்தும் விட்டது. பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி அம்மா, அந்த ஒரு தரம் ஓக்கே. மற்ற நேரங்களில் ஏன் விழுகிறா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் பாகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். பூங்குழலிதான் அவளுக்கும். மச்சாள், உங்கள் கட்சிக்கு ஒரு ஆள் கூடியிருக்கிறது. தொண்டைமானாறு என்று கண்டவுடன், "செல்வச்சந்நிதி கோயிலுக்குப் போகும்போது கடக்கிற அந்தப் பாலமா?" என்று ஓடி வந்து கேட்டாள். இந்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். கதையில் வருகிற மாதிரிக் கப்பல் ஒளித்து வைக்கிற அளவுக்கு அங்கே ஆழம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

இப்போது பிரச்சினை மூன்றாம் பாகம். போனில் வாசி என்றால் மாட்டேன் என்கிறாள், படங்களோடு உள்ள பழைய பைண்டிங்தான் வேண்டுமாம். யாரிடமாவது இருக்கிறதா?

வாசிகசாலை எழுதியது:

பிள்ளை, என்னிடம் இருக்கிறது. 96இல் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாசல் திண்ணையில் ஒரு சாக்குக்குள் கிடந்தது. யாருடையது என்று அக்கம்பக்கத்தில் கேட்டும் ஒருவரும் உரிமை கோரவில்லை. முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பேர் எழுதி, தண்ணீர் பட்டுக் கரைந்திருக்கிறது. 'ம்மா' என்ற முடிவு மட்டும்தான் தெரிகிறது. சில பக்கங்களின் பின்னால் தைல விளம்பரம்.

உங்களுடையதா என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் காலத்தில் பாதி யாழ்ப்பாணம் இப்படித்தான் கட்டுவித்து வைத்திருந்தது. வந்து பாருங்கோ. ஞாயிறு தொண்டைமானாற்றுக்குப் போகிற வழியில் என் வீடு. ஓரத்தைக் கறையான் கொஞ்சம் தின்றுவிட்டது, பிள்ளையை மெதுவாகப் பிரிக்கச் சொல்லுங்கோ.